பிரீமியம் ரம் பாட்டிலுக்கு ‘தஞ்சாவூர் லுக்’ வேணுமாம், எங்க ஆரம்பிக்கிறது?

கேள்விய படிச்சேன் தம்பி. கும்பகோணத்துல சின்னதா டிசைன் ஆபீஸ், இதுவரைக்கும் ஜவுளிக்கடை பை, ஸ்வீட் ஸ்டால் டப்பா, கல்யாண பத்திரிக்கைன்னு ஓடிட்டிருந்துச்சு, இப்ப திடீர்னு ஒரு ரம் கம்பெனி வந்து நிக்குது, பிரீமியம் பிராண்டு, மார்க்கெட்ல பல வருஷமா இருக்கு ஆனா சேல்ஸ் படுத்துருச்சு, ‘பாட்டில், லேபிள், பாக்ஸ் எல்லாத்தையும் மாத்தி ஒரு தஞ்சாவூர் லுக் குடுங்க’ன்னு கேக்குறாங்க, எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டுருக்க. நான் இந்த பேக்கேஜிங் லைன்ல ரொம்ப நாளா கிடக்குறவன், லேபிள் பக்கமும் பாத்துருக்கேன் பாட்டில் பக்கமும் பாத்துருக்கேன், அதனால நீளமாவே எழுதுறேன், பொறுமையா படி. அவசரம்னா இத மட்டும் எடுத்துக்க: கோபுரம் வரையிறதுக்கு முன்னாடி கண்ணாடி, மூடி, பேப்பர் மூணையும் முடிவு பண்ணு, அதுக்கும் முன்னாடி எத மாத்தவே கூடாதுன்னு முடிவு பண்ணு.

கம்ப்யூட்டர தொறக்காத. முதல்ல பஸ் ஏறி காரைக்கால் போ. நம்ம பக்கம் டாஸ்மாக்ல (சில்லறை விற்பனை 2003லேருந்து அவங்க கையிலதான்) பெரும்பாலான கடையில கம்பி வலைக்கு பின்னாடி ஒரு ஆள், அவருக்கு பின்னாடி ராக்கு, நீ குடுக்குற பாட்டில கஸ்டமர் கையில தொட்டு பாக்குறதே காசு குடுத்ததுக்கு அப்பறம்தான். எலைட் கடைன்னா நேரா எடுத்து பாக்கலாம், ஆனா டெல்டா ஊர்கள்ல அது எத்தன இருக்குன்னு நீயே எண்ணிக்க. காரைக்கால் புதுச்சேரி யூனியன்ல வர்றதால தனியார் கடைங்க, ராக்கு வெளிச்சம் போட்டு அடுக்கி வச்சிருப்பான், உன் பிராண்டு பக்கத்துல யார் யார் நிக்கிறான்னு ஒரே பார்வையில தெரியும். ஒரு ஓரமா நின்னு ஆளுங்க எப்படி கேக்குறாங்கன்னு காத குடு. பாதி பேரு பிராண்டு பேரே சொல்ல மாட்டான். ‘அந்த கருப்பு மூடி’, ‘குட்ட பாட்டிலு, சொரசொரன்னு இருக்குமே’, ‘செவப்பு லேபிளு, மேல் தட்டுல’ இப்படித்தான் கைய நீட்டுவான். உன் பிராண்ட எப்படி கை காட்டுறாங்களோ, அதுதான் கம்பெனியோட சொத்து, ஓனருக்கே அது தெரியாம இருக்கும்.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னா, நம்ம நாட்டுல சாராயத்துக்கு டிவியில நேரடியா விளம்பரம் பண்ண முடியாது, அதான் சோடா, மியூசிக் சிடின்னு சுத்தி வளைச்சு காமிக்கிறானுங்க. ஒரு சோப்பு கம்பெனி கவர மாத்துனா ‘புதிய பேக்கில்’னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டலாம், உன் கிளையன்ட்டால அது முடியாது. திடீர்னு மூஞ்சி மாறுன பாட்டில பாத்தா நம்மாளு மனசுல வர்ற முதல் வார்த்த என்ன தெரியுமா, ‘டூப்ளிகேட்டு’. எனக்கு தெரிஞ்ச ஒரு கம்பெனி, பேரு வேணாம், தங்க கலர் மூடிய தூக்கிட்டு மேட் கருப்பு போட்டாங்க, பாக்க அம்சமா இருந்துச்சு, டிசைன் பண்ணவங்கள்லாம் கை தட்டுனாங்க, கவுண்டர்ல ரெகுலர் கஸ்டமர் திருப்பி திருப்பி பாத்துட்டு ‘இது வேணாம்ணே, பழைய ஸ்டாக் இருந்தா குடுங்க’ன்னு கேட்டான். கொஞ்ச நாள்லயே தங்கம் திரும்பி வந்துருச்சு. அமெரிக்காவுல ட்ராபிகானா ஜூஸுக்கு 2009 ஜனவரில இதே கதிதான், ஸ்ட்ரா குத்துன ஆரஞ்சு படத்த எடுத்துட்டு மாடர்னா ஒரு கிளாஸ் ஜூஸ் படம் போட்டாங்க, ரெண்டு மாசத்துக்குள்ள விற்பனை 20 சதவீதம் கிட்ட விழுந்துச்சு, பழைய டப்பாவுக்கே போயிட்டாங்க. அது ஜூஸு, அதுக்கு விளம்பரம் பண்ண முடியும், அப்பவே அந்த நெலமை.

அதே சமயம் ஒண்ணுமே மாத்தாம இருக்கவும் வேணாம். ஜானி வாக்கர் பாரு, 1860கள்ல வந்த சதுர பாட்டில், 24 டிகிரி சாஞ்ச லேபிள், 1908ல டாம் பிரவுன்னு ஒரு ஓவியர் வரைஞ்ச நடக்குற ஆளு, இந்த மூணையும் வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் எத்தனையோ தடவ மாத்திட்டாங்க, அந்த நடக்குற ஆளே எத்தன தடவ மாறிருக்கான், ஆனா தூரத்துலேருந்து பாத்தா இது அதுதான்னு தெரியும். சதுரமும் சாய்வும் சும்மா ஸ்டைலுக்கு வந்தது இல்ல, சதுரம்னா பெட்டியில இடம் வீணாகாம அடுக்கலாம் ஒடையிறதும் கம்மி, சாய்ச்சு ஒட்டுனா எழுத்த பெருசா போடலாம். நம்மூர்ல ஓல்டு மாங்க் 1954லேருந்து அந்த குட்ட சொரசொர பாட்டில வச்சே ஓட்டிருச்சு, விளம்பரமே இல்லாம. அதனால கிளையன்ட்கிட்ட முதல் மீட்டிங்ல டிசைன் காமிக்காத, ‘மாத்தக் கூடாதது’ன்னு ஒரு பேப்பர்ல ரெண்டே ரெண்டு விஷயம் எழுதி கையெழுத்து வாங்கு. மூடி கலர், பாட்டில் தோள்பட்டை, லேபிளோட வெட்டு, ஏதோ ரெண்டு. மத்ததெல்லாம் உன் இஷ்டம்.

இப்ப கண்ணாடி. பிரீமியம்ங்கிறது கையில எடுத்த உடனே தெரியணும், அது வெயிட்டுல இருக்கு. சாதாரண 750 மில்லி காலி பாட்டில் சுமாரா அரை கிலோ பக்கம் இருக்கும், பிரீமியத்துக்கு அடிக்கண்ணாடிய கனமா விடுவாங்க, வெளிச்சத்துல அந்த அடி மட்டும் பளபளன்னு தெரியும். ஆனா புது மோல்டுன்னா (பாட்டில் வார்க்குற அச்சு) செலவு, மாசக்கணக்குல டயம், கண்ணாடி ஃபேக்டரி லட்சக்கணக்குல ஆர்டர் கேப்பான், ஏன்னா ஃபர்னஸ நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடியாது. கலர் கண்ணாடி வேணும்னு கிளையன்ட் ஆசைப்படுவாரு, சின்ன ஆர்டருக்கு எவனும் ஃபர்னஸ்ல கலர் மாத்த மாட்டான், வெள்ள கண்ணாடி மேல ஸ்ப்ரே கோட்டிங் அடிச்சுதான் தருவான், அது பெட்டிக்குள்ள உரசி உரசி கீறல் விழும். ரம்முக்கு என்னைய கேட்டா கண்ணாடிய வெள்ளையா விடு, உள்ள இருக்குற அந்த நிறம்தான் ஓசியில கிடைக்கிற டிசைன்.

இங்க எல்லாரும் விடுற ஒரு விஷயம் சொல்றேன். வெயில்ல லாரியில போறப்ப சரக்கு விரியும், அதுக்காக மேல கொஞ்சம் காலி இடம் விட்டே ஆகணும். நீ கழுத்த நீளமா, ஒல்லியா வரைஞ்சன்னா அந்த காலி இடம் கழுத்துல பாதி தூரம் எறங்கி தெரியும், வாங்குறவன் ‘என்னடா கொறையுது’ன்னு பாப்பான். அளவு சரியாத்தான் இருக்கும், ஆனா பாக்க கொறஞ்ச மாதிரி இருக்கும். அதனால நிரப்புற கோடு எங்க வருதுன்னு பாட்டிலிங் ஆளுகிட்ட முன்னாடியே கேட்டு, அந்த எடத்த மூடியோட பாவாடையோ கழுத்து லேபிளோ மறைக்கிற மாதிரி வரை. இன்னொண்ணு, உருண்ட பாட்டில்ல கண்ணாடியிலயே எம்பாஸ், அதாவது மேடா தூக்குன எழுத்தோ படமோ வேணும்னா அடியில ஒரு சின்ன காடி, பள்ளம் மாதிரி, வைக்க சொல்லு, மிஷின் அத புடிச்சுத்தான் பாட்டில திருப்பி லேபிள நேரா ஒட்டும். அது இல்லன்னா எம்பாஸ் ஒரு பக்கம், லேபிள் ஒரு பக்கம்னு போயிரும். ஏற்றுமதி ஆசை இருந்தா அதையும் இப்பவே கேட்டுக்க, ஐரோப்பாவுல 700 மில்லிதான், நம்ம 750 அங்க செல்லாது, ரெண்டு மோல்டு ஆகும்.

மூடி. கார்க்கு வச்ச தடி மூடி வேணும்பாங்க, தொறக்குறப்ப ‘டப்’புன்னு சத்தம் வரும், அதுல ஒரு ராஜ மரியாதை இருக்கு, ஒத்துக்குறேன். நிஜ கார்க்கு வேணாம், சிந்தெடிக் கார்க்கு போடு, நம்ம வெக்கையிலயும் ஆல்கஹால் ஆவியிலயும் நிஜ கார்க்கு உதுந்து உள்ள விழும். போலிக்கு பயந்தா கழுத்துக்குள்ள குண்டு வச்ச மூடி, ஒரு தடவ காலியானா திருப்பி ஊத்த முடியாது, நம்ம மார்க்கெட்டுக்கு அதுதான் புத்திசாலித்தனம்னு நான் சொல்லுவேன், அழகுக்கு ஒரு படி கீழதான், ஆனா காலி பாட்டில் எங்க எங்க போகுதுன்னு தெரிஞ்சவன் அதத்தான் கேப்பான். எதுவா இருந்தாலும் சரி, தமிழ்நாட்டுல விக்கிற பாட்டில்ல மூடி மேலேருந்து கழுத்துக்கு எக்சைஸ் ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒண்ணு வரும், அது உன் அழகான மூடி முத்திரை மேலேயே குறுக்க விழும். மூடி மேல நுணுக்கமா வேல செஞ்சு வைக்காத, ஸ்டிக்கர் போற பாதைய காலியா விட்டுட்டு பக்கவாட்டுல செய்.

சரி, தஞ்சாவூர் லுக்குக்கு வருவோம். கிளையன்ட் மனசுல என்ன படம் ஓடுதுன்னு எனக்கு தெரியும், பெரிய கோயில் கோபுரம், நந்தி, யாளி, கல்லணை, ரெண்டு யானை, சுத்தி தங்க பார்டர். கோபுரத்த சாராய பாட்டில்ல போட்டா என்ன ஆகும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா, பாட்டில் கடைக்கு போறதுக்கு முன்னாடி ஊர் திரண்டு வரும். அது போக 1999 டிரேட் மார்க்ஸ் சட்டத்துலயே மத உணர்வ புண்படுத்துற மாதிரி இருக்குறத பதிவு பண்ண முடியாதுன்னு இருக்கு. சாமி, கோயில், சாமி வாகனம், குத்துவிளக்கு, நாலையும் பட்டியல்லேருந்து தூக்கிரு, விவாதமே வேணாம். எங்க அம்மாவுக்கு நான் ‘பாட்டிலுக்கு லேபிள் அடிக்கிறேன்’னுதான் தெரியும், என்ன பாட்டில்னு கேட்டா டானிக்குன்னு சொல்லி வச்சிருக்கேன், அதுல கோபுரம் வேற இருந்தா வீட்டுல சோறு கிடையாது.

அதுக்கு பதிலா தஞ்சாவூர் ஓவியத்த கிட்ட போய் பாரு, படத்த விடு, வேலைய பாரு. பலகையில துணிய ஒட்டி, சுண்ணாம்புப் பொடியையும் பசையையும் குழைச்ச மக்கு வச்சு நகைய மட்டும் மேடாக்கி, அது மேல தங்க ரேக்க ஒட்டி, மிச்ச எடம் பூரா ஒரே அடர் சிவப்பு, இல்ல பச்சை, இல்ல நீலம். தங்கம் ஏன் அங்க அப்படி ஜொலிக்குதுன்னா சுத்தி இருக்குறது எதுவும் ஜொலிக்கல. நம்மூர் விஸ்கி லேபிள் எல்லாத்துலயும் பாரு, தங்கத்துல எழுத்து, தங்கத்துல பார்டர், தங்கத்துல சிங்கம், கடைசியில எதுவுமே கண்ணுல நிக்காது. நீ ஒரே ஒரு எடத்துல ஃபாயில், அந்த பளபளக்குற உலோகத் தாள், வை, அத பித்தளை டையில (அழுத்துற அச்சு) மேடா எம்பாஸ் பண்ணு, வெறும் தட்டையா தூக்கிவிடுற எம்பாஸ் இல்ல, மேடு பள்ளம் செதுக்குன டை, செலவு ஜாஸ்தி ஆனா விரல் வச்சு தடவுனா மக்கு வேல மாதிரியே இருக்கும். மிச்சம் பூரா பூச்சு இல்லாத பேப்பர்ல ஒரே கலர். ஃபாயிலும் எம்பாஸும் அரை மில்லிமீட்டர் நகந்தாலே அசிங்கமா தெரியும், அதனால மெல்லிசு கோடெல்லாம் குடுக்காத. தஞ்சாவூர் கலைத்தட்டும் பாரு, வெள்ளி, பித்தளை, செம்பு மூணும் ஒண்ணுல இருக்கும், செம்பு கலர் ஃபாயில் ரம் நிறத்தோட சேர்ற மாதிரி தங்கம் சேராது, இது என் சொந்த ருசி, வேணும்னா தள்ளிரு. ஆனா ‘தஞ்சாவூர் ஓவியம்’, ‘சுவாமிமலை’, ‘நாச்சியார்கோயில்’ இந்த பேரையெல்லாம் பாட்டில்ல எழுதாத, அதெல்லாம் புவிசார் குறியீடு வாங்குனது, அச்சடிச்ச ஃபாயிலுக்கு அந்த பேர போட்டா வம்பு.

அப்பறம் நீ ரம் பண்றங்கிறத ஏன் எல்லாரும் மறந்துர்றீங்க. ரம் கரும்புலேருந்து வர்றது, நீ இருக்குறது கரும்பு வெளையிற மண்ணு. கரும்பு கணுவ கவனிச்சு பாரு, அந்த வளையம், அதுக்கு மேல சின்ன சின்ன புள்ளி வரிசை, கணுவுக்கு கீழ வெள்ளையா மாவு பூத்த மாதிரி ஒரு பட்ட. பாட்டில் கழுத்துல அந்த கணுவ ஒரு கண்ணாடி வளையமா குடுத்தா கை வழுக்காம பிடிக்கவும் ஆகும், கவுண்டர்ல ‘கழுத்துல வளையம் இருக்குமே அது’ன்னு கை காட்டவும் ஆகும். லேபிள் கலருக்கு பொங்க கரும்போட அந்த கருஞ்செவப்பு இருக்கே, அத வெச்சு பாரு. ஆலைக்கு போற கரும்பு வேற ஜாதி, வெளிறுன நிறம், அதனால கலர மட்டும் எடுத்துக்க, பின் லேபிள்ல ‘பொங்கல் கரும்பில் வடித்தது’ன்னு கத கட்டிராத. கிளையன்ட் தலையாட்டி பொம்மை மாதிரி அடி உருண்ட பாட்டில் கேட்டாலும் கேப்பாரு, கன்வேயர்ல அது நிக்காதுன்னு சொல்லி அங்கேயே முடிச்சுரு.

தமிழ் எழுத்து போடுங்கன்னு நான் சண்ட போட்டே சொல்லுவேன். பிரீமியம்னா இங்கிலீஷ்னு ஒரு வியாதி நமக்கு இருக்கு. பக்கத்துலயே தரங்கம்பாடி இருக்கு, 1706ல வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அங்க அச்சுக்கூடம் வச்சு 1715ல தமிழ்ல புதிய ஏற்பாட்ட முழுசா அச்சடிச்சு முடிச்சாரு, ஜெர்மனியிலேருந்து வந்த எழுத்து ரொம்ப பெருசா இருக்குன்னு இங்கேயே சின்ன எழுத்து வார்த்தாங்க. அந்தக்கால அச்ச பாத்தியன்னா எழுத்துல ஒரு தடிப்பும் நெளிவும் இருக்கும், இப்ப கம்ப்யூட்டர்ல வர்ற எந்த ஃபான்ட்லயும் அது இல்ல. 1978 எழுத்து சீர்திருத்தத்துக்கு முன்னாடி லை, ளை, ணை, னை எல்லாம் தும்பிக்கை வச்சு எழுதுவாங்களே, பழைய கடை போர்டுல இன்னும் இருக்கும், பிராண்டு பேர்ல அப்படி ஒரு எழுத்து வந்தா கொண்டாட்டம்தான், கையால எழுத வை. ஆனா படிக்க முடியணும், முப்பது வயசு ஆளு தெணறுனான்னா பழசுக்கு திரும்பிரு.

பேப்பர். நம்ம ஐப்பசி கார்த்திகை ஈரம் உனக்கே தெரியும், குடோன்ல கார்ட்டன் நமுத்து போயிரும், பசை போட்டு ஒட்டுன லேபிள் ஓரம் தூக்கும், பால் புரதப் பசைன்னா பூஞ்ச கூட வரும். ஈரம் தாங்குற பேப்பரா கேளு, முடிஞ்சா ஸ்டிக்கர் டைப் லேபிளுக்கு போ, செலவு கொஞ்சம் கூட, ஆனா ஓரம் தூக்காது. சாம்பிள் வந்தா ஐஸ் வாளியில ஒரு மணி நேரம் முக்கி வை, அப்பறம் ஒரு பெட்டி நெறைய பாட்டில வச்சு லாரியில திருச்சி வரைக்கும் போய்ட்டு வர சொல்லு, எந்த எடத்துல உரசியிருக்குன்னு தெரியும். லேபிள் ஒட்டுற எடத்த கண்ணாடியில ஒரு மயிரிழை உள்வாங்குனாப்ல மோல்டு போட்டா பாதி உரசல் போயிரும்.

சட்டம் சமாச்சாரம் கம்பெனியோட எக்சைஸ் ஆளு பாத்துப்பாரு, இருந்தாலும் எடம் நீதான் ஒதுக்கணும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2018 மதுபான விதிகள் 2019 ஏப்ரல்லேருந்து அமலுக்கு வந்துச்சு, எச்சரிக்கை வாசகம் கட்டாயம், பெரிய பாட்டில்னா எழுத்து உயரம் 3 மில்லிமீட்டருக்கு கொறயக் கூடாது, ஒடம்புக்கு நல்லதுங்கிற மாதிரி எதையும் போடவே கூடாது. ஆல்கஹால் அளவு, நம்மூர் வழக்கத்துல 42.8 சதவீதம், அதுவும் தெளிவா தெரியணும். தமிழ்நாட்டுல விக்கிறதுன்னா தமிழ்ல எச்சரிக்கை வரியும், இங்க மட்டும் விக்கிறதுக்குங்கிற வரியும் சேரும். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும், ஒவ்வொரு மாநிலத்துலயும் லேபிள தனியா பதிவு பண்ணி பீஸ் கட்டணும், ஒரு கமா மாத்துனா கூட திரும்ப போய் நிக்கணும். அதனால மாறுற சமாச்சாரத்த முடிஞ்சவரைக்கும் பின் லேபிளுக்கு தள்ளிரு. இந்த எச்சரிக்கை வரிய ஒளிச்சு வைக்க பாக்காத, முதல் ஸ்கெட்ச்லயே அதுக்கு ஒரு எடம் குடுத்து டிசைனோட சேத்து வரை, கடைசியில கொண்டாந்து சொருகுனாத்தான் அசிங்கமா இருக்கும்.

பாக்ஸ் வேணுமான்னு கேட்டா, எனக்கு வேணாம். 2022ல பெர்னோ ரிக்கார்ட் இந்தியாங்கிற பெரிய மதுபான கம்பெனியே தனி அட்டைப்பெட்டிய நிறுத்துறோம்னு அறிவிச்சுது, அவங்களே விட்டதுக்கப்பறம் உன் கிளையன்ட் ஏன் புடிச்சு தொங்கணும். அந்த காச கண்ணாடி வெயிட்டுல போடு. தீபாவளி, பொங்கலுக்கு பரிசு பெட்டி வேணும்னா கொஞ்சமா தனியா அடிச்சுக்கலாம்.

நீலகிரியில 2022ல ஆரம்பிச்ச காலி பாட்டில திருப்பி வாங்குற திட்டம் இப்ப மத்த மாவட்டங்களுக்கும் வந்துருச்சு, 10 ரூவா கூட வாங்கி, காலிய குடுத்தா திருப்பி தர்றது, அதுக்குன்னு பாட்டில் மேல ஒரு ஸ்டிக்கரும் ஒட்டுறாங்க. அந்த ஸ்டிக்கர் உன் லேபிள் மூஞ்சியில விழாம இருக்க தோள்பட்டையில வழவழன்னு ஒரு எடம் காலியா விடு, இல்லன்னா கடைக்காரரு எங்க தோணுதோ அங்க ஒட்டுவாரு.

கடைசியா குவாட்டர். கிளையன்ட் ஃபுல் பாட்டில மட்டும்தான் உன்கிட்ட காமிப்பாரு, ஆனா ஓடுற சரக்கு பெரும்பாலும் 180 மில்லிதான். ஃபுல்லுக்கு வரைஞ்சத சுருக்கி குவாட்டர்ல ஒட்டாத, எழுத்து எறும்பு மாதிரி ஆயிரும், ஃபாயில் வேலை எல்லாம் கொழகொழன்னு ஆயிரும். குவாட்டர்ல எடமே இல்ல, அந்த ‘மாத்தக் கூடாத’ ரெண்டு விஷயமும் பேரும் மட்டும் போதும். நான்லாம் குவாட்டர முதல்ல வரைஞ்சு முடிச்சுட்டுத்தான் ஃபுல்லுக்கு போவேன். அச்சு சிவகாசியிலதான் போகும், அங்க மிஷின் ஓடுறப்ப நீ நேர்ல நின்னு, அங்க இருக்குற டியூப் லைட்லயும் பாரு, வெளிய வெயில்லயும் பாரு, கம்பெனிக்காரரையும் கூட்டிட்டு போய் அதே தாள்ல கையெழுத்து வாங்கிட்டு ஒண்ண உன் பீரோவுல வச்சுக்க. இந்த பயணச்செலவு, திரும்ப வரையிற வேலை, மாநில லேபிள் ஒவ்வொண்ணுக்கும் தனி ரேட்டு, எல்லாத்தையும் கொட்டேஷன்லயே போட்ரு, அட்வான்ஸ் பாதி வாங்காம காரைக்கால் பஸ் கூட ஏறாத.